கட்டம் கட்டமாகப் புதைப்பாங்களாம், முதல் கட்டம் யார் வாசலில்?

ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்த விஷயம். இப்பவும் தள்ளிப் போட்டா அடுத்த மழைக்காலம் வந்துடும். அதுக்கப்புறம் எழுதி என்ன புண்ணியம்?

அரசாங்கத் தமிழில் எனக்கு அலர்ஜியான வார்த்தைகள்னு ஒரு லிஸ்ட் இருக்கு. "போர்க்கால அடிப்படையில்", "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது"... இப்படிப் போகும். அதில் முதலிடம் "கட்டம் கட்டமாக" என்கிற வார்த்தைக்குத்தான். தலைக்கு மேல போற மின்கம்பிகளை எல்லாம் கழட்டிட்டு, தரைக்கு அடியில் கேபிளாப் புதைக்கப் போறோம், கட்டம் கட்டமாக. ஒவ்வொரு புயலுக்கு அப்புறமும் இதைக் கேட்கிறோம். ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவார், வாரியத்தின் பெயரே மாறும் (2010ல் மின்வாரியத்தைப் பிரிச்சாங்க, 2024ல் மறுபடி பிரிச்சாங்க, ஜனங்களுக்கு எப்பவும் அது ஈபிதான்). இந்த வாக்கியம் மட்டும் மாறாது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். கம்பியைப் புதைக்கணும். கட்டம் கட்டமாகத்தான் புதைக்க முடியும். இந்த ரெண்டிலும் எனக்குச் சண்டை இல்லை. எந்தக் கட்டம் முதல்ல, அதை யார் முடிவு பண்றாங்க, எதை வெச்சு முடிவு பண்றாங்க? இதுக்குப் பதில் யாரும் சொல்றதில்லை. சண்டை அங்கதான்.

மேல இருந்தா என்ன ஆகும்?

2022 ஏப்ரல் 27, விடியறதுக்கு முன்னாடி. தஞ்சாவூர் பக்கம் களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசினது. 11 பேர் செத்தாங்க. அதில் குழந்தைகளும் உண்டு. 2025 மார்ச்சில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையில் இருந்தவங்களோட இரும்பு ஏணி மேல போற கம்பியில் பட்டது. 4 பேர் அங்கேயே போயிட்டாங்க.

ரெண்டு இடத்திலும் புயல் இல்லை, மழை இல்லை. கம்பி அது இருக்கிற இடத்தில்தான் இருந்தது. ஊர் திருவிழா கொண்டாடியது. அவ்வளவுதான்.

புயலை எடுத்துக்கிட்டா கணக்கு வேற. 2011 டிசம்பர் 30 தானே, கடலூரைப் புரட்டிப் போட்டது. 2016 டிசம்பர் 12 வர்தா, சென்னை. 2018 நவம்பர் 16 கஜா, டெல்டா. கஜாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாய்ஞ்சது. வெளி மாநிலத்தில் இருந்தெல்லாம் ஆள் வந்து கம்பம் நட்டாங்க. அப்பவும் வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கா இருட்டில் கிடந்தது. கரண்ட் இல்லைன்னா ஃபேன் இல்லை, டிவி இல்லைன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கணும். மோட்டார் ஓடாது, ஓடலைன்னா குடிதண்ணி கிடையாது. செல்போன் டவர் செத்துடும், உதவி கேட்கவும் வழி இருக்காது.

கீழ போட்டா எல்லாம் சரியாயிடுமா?

"அதான் சொல்றோம், எல்லாத்தையும் புதைச்சுடுங்க"ன்னு கிளம்பறவங்களுக்கு இந்த மூணு ஊர்ப் பெயரைச் சொல்ல விரும்பறேன்.

கொடுங்கையூர், 2017 நவம்பர் 1. மழைத்தண்ணி தேங்கின தெருவில், பில்லர் பாக்ஸ் பக்கத்தில் கிடந்த கம்பியை மிதிச்சு ரெண்டு சின்னப் பெண் குழந்தைகள் இறந்து போனாங்க. முகலிவாக்கம், 2019 செப்டம்பர். ஒழுங்காப் புதைக்காம விட்ட கேபிள், மேல தண்ணி, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் போயிட்டான். கண்ணகி நகர், 2025 ஆகஸ்ட். விடியற்காலையில் வேலைக்குப் போன ஒரு தூய்மைப் பணியாளர். தேங்கின மழைத்தண்ணியில் கால் வெச்சாங்க, தரைக்கடியில் போன கேபிளில் கசிவு.

மூணுமே சென்னை. மூணுமே "நிலத்தடி" வகையறா. அரைகுறையாப் புதைச்சா தலைக்கு மேல இருக்கிற எமன் காலுக்குக் கீழ வந்து உட்கார்ந்துக்கறான். மேல இருக்கிற எமனையாவது நிமிர்ந்து பார்க்க முடியும். கலங்கின தண்ணிக்குள்ள இருக்கிறவனை எப்படிப் பார்க்கிறது?

கேபிள் புதைக்கிறதுக்குன்னு இந்தியத் தர நிர்ணயத்தில் விதி இருக்கு. ஐ.எஸ். 1255, 1983ல் திருத்தின பதிப்பு. வீட்டு இணைப்புக்குப் போற குறைந்த அழுத்தக் கேபிளுக்கு முக்கால் மீட்டர் ஆழம், 11,000 வோல்ட் கேபிளுக்கு 90 சென்டிமீட்டர். கீழ மணல் மெத்தை, மேல செங்கல் அல்லது பலகை மாதிரி ஒரு காப்பு, அதுக்கும் மேல மண். பள்ளம் தோண்டறவனோட கடப்பாரை முதல்ல செங்கலில் "டங்"னு படணும், கேபிளில் படக் கூடாது. இவ்வளவுதான் தத்துவம். ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை. ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஜேசிபியை விட்டு ஒண்ணரை அடி கீறி, கேபிளைப் பாம்பு மாதிரி போட்டு, அதே ஜல்லியை மேல தள்ளிட்டு, விடியறதுக்குள்ள கிளம்பிடற காண்ட்ராக்டை நம்மில் பார்க்காதவங்க யார்?

மேக்கப் கட்டம்

கட்டங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அகலமான ரோடு, பெரிய ஆட்கள் கார் போற ரோடு, நடைபாதைக்கு டைல்ஸ் போட்டு அழகுபடுத்தற ரோடு. அங்க கம்பி அசிங்கமாத் தெரியுதாம், அதனால முதல்ல அங்க புதைக்கணுமாம். ரோடு ரோடாக் கட்டம் பிரிச்சா இப்படித்தான் ஆகும்.

இதில் ஒரு அடிப்படைச் சமாச்சாரம் அடிபட்டுப் போகுது. நம்ம வீட்டுக்கு கரண்ட் எப்படி வருது? சப்-ஸ்டேஷனில் இருந்து 11,000 வோல்ட் ஃபீடர் ஒண்ணு கிளம்புது. அது பல தெரு சுத்தி, வழியில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு எல்லாம் கொடுத்துக்கிட்டே போகுது. டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து குறைந்த அழுத்த லைன் கிளம்பி பில்லர் பாக்ஸுக்கோ கம்பத்துக்கோ போய், அங்கிருந்து நம்ம மீட்டருக்கு வருது. சங்கிலி மாதிரி. இப்ப அந்த ஃபீடர் மூணு கிலோமீட்டர் தலைக்கு மேல வந்து, கடைசி இருநூறு மீட்டர் மட்டும் உங்க அழகான ரோட்டில் புதைஞ்சு போகுதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ஞ்சா உங்க ரோடும் இருட்டுதான். காசு செலவாச்சு, ரோடு அழகாச்சு, கரண்ட் மட்டும் வரலை. இதுக்குப் பேர் மேக்கப்.

வர்தா சமயத்தில் சென்னையில் இது நல்லாவே தெரிஞ்சது. பழைய நகரத்தில் பல காலமாவே கேபிள் தரைக்கடியில்தான். மயிலாப்பூர், தி.நகர்க்காரங்களுக்குக் கம்பம் சாயற பிரச்னை பெருசா கிடையாது. ஆனா ஊருக்கு வெளிய உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ஞ்சதும் அவங்களுக்கும் கரண்ட் போச்சு. வித்தியாசம் எங்க தெரிஞ்சதுன்னா, மேல் பக்கம் சரியானதும் அவங்களுக்குச் சீக்கிரம் வந்துடுச்சு. புறநகரில் கம்பம் கம்பமா நட்டுக்கிட்டு இருந்தாங்க. 2011ல் 174 சதுர கிலோமீட்டரா இருந்த மாநகராட்சியை 426 ஆக்கினாங்க. வரி வசூல் எல்லைக்கு ஒரே ராத்திரியில் விரிஞ்சுக்கத் தெரியுது. கேபிளுக்குத்தான் கட்டம் வேணும்.

அதனால கட்டத்தோட அளவுகோல் தெரு இல்லை, ஃபீடர். ஒரு ஃபீடரை எடுத்தா சப்-ஸ்டேஷன் வாசலில் இருந்து கடைசி டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் முடிச்சுட்டு அடுத்ததைத் தொடணும். அதோட, வளையம் மாதிரி இன்னொரு பக்கத்தில் இருந்தும் கரண்ட் கொடுக்க வழி வெச்சு, நடுநடுவே ரிங் மெயின் யூனிட் போடணும். ஏன்னா மேல போற கம்பி அறுந்தா கண்ணுக்குத் தெரியும், லைன்மேன் ஏறிக் கட்டிடுவார். தரைக்கடியில் கேபிள் போனா எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கவே கருவி வண்டி வரணும், தோண்டணும், ஜாயின்ட் போடணும். அதுவரைக்கும் மறுபக்கத்தில் இருந்து கரண்ட் கொடுக்க வழி இல்லைன்னா புதைச்ச கேபிளும் நம்மளை ரெண்டு நாள் இருட்டில் உட்கார வெச்சுடும்.

"காசு எங்கப்பா இருக்கு?"

நியாயமான கேள்வி. மின்சாரக் கழகத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டினது 2023க்கு முன்னாடியே. மேல லைன் இழுக்கிறதை விட புதைக்கிறதுக்குப் பல மடங்கு செலவு. "சிங்கப்பூரைப் பாருங்க, ஒரு கம்பி வெளிய தெரியுதா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு கணக்கு: தமிழ்நாட்டுக்குள்ள 170 சிங்கப்பூருக்கு மேல அடங்கும். வயல் நடுவில் ஒத்தை மோட்டார் கொட்டாய்க்குப் போற லைனை எல்லாம் புதைக்கணும்னு சொன்னா அது திட்டம் இல்லை, மேடைப் பேச்சு.

பணக்கார ஊரிலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் 2018ல் மின்கம்பியில் இருந்து கிளம்பின கேம்ப் காட்டுத்தீயில் 85 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் 2021ல் அந்த மின் நிறுவனம் 10,000 மைல் லைனைப் புதைக்கப் போறதா அறிவிச்சது. எங்க? காட்டுத்தீ அபாயம் அதிகமா இருக்கிற பகுதியில். டாலரிலேயே புரள்றவனுக்கும் எல்லாத்தையும் ஒரே மூச்சில் பண்ண முடியலை. அதனால எங்க உயிர் போகும்னு பார்த்து வரிசை போட்டான்.

நம்ம ஊரிலும் ஒரு முறை இப்படி நடந்திருக்கு. தானே புயலுக்கு அப்புறம் உலக வங்கிக் கடனில் கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டம் வந்தது. அதில் கேபிள் புதைக்கத் தேர்ந்தெடுத்த ஊர்கள் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. புயல் எங்க அடிக்குமோ அங்க. ஹுட்ஹுட் 2014ல் அடிச்ச பிறகு விசாகப்பட்டினத்திலும் அதே மாதிரி. ஆக, அளவுகோல் வெச்சு ஊரைத் தேர்ந்தெடுக்க நம்மாளுங்களுக்குத் தெரியாம இல்லை. கடன் கொடுக்கிறவன் கேட்டா வரிசை வருது. நாம கேட்டா "கட்டம் கட்டமாக" வருது.

தாயக்கட்டை ஆடினவங்களுக்குத் தெரியும். தாயம் விழுந்தாத்தான் காய் கட்டத்துக்குள்ள இறங்கும். நம்ம ஊர் கேபிளுக்கு அந்தத் தாயம் ஒரு சாவு. களிமேட்டுக்கு அப்புறம் தேரோடும் வீதி ஞாபகம் வருது. கொடுங்கையூருக்கு அப்புறம் பில்லர் பாக்ஸ் ஞாபகம் வருது. அடுத்த தாயம் எந்தத் தெருவில் விழும்னு காத்துக்கிட்டு இருக்கிறதுக்குப் பேர் திட்டமிடலா?

நான் போடற வரிசை

1. கைக்கு எட்டற கம்பி முதல்ல. தேர் ஓடற வீதிகள், பள்ளிக்கூட வாசல், மாடியில் துணி காயப்போட்டா கம்பியில் படற சந்துகள். வீட்டுச் சுவருக்கும் 11,000 வோல்ட் கம்பிக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேணும்ங்கிறது மத்திய விதி. உங்க ஏரியாவில் ஒரு நடை போய்ட்டு வாங்க, எத்தனை பால்கனி அந்த விதிக்குள்ள இருக்குன்னு தெரியும். பால்கனியை இழுத்துக் கட்டினவன் மேல தப்பு இருக்கலாம். அதுக்குத் தண்டனை அவன் வீட்டுக் குழந்தைக்கு இல்லை. முதலில் சொன்ன ஃபீடர் கணக்குக்கு ஒரே விலக்கு இந்த இடங்கள்தான். இங்க நூறு மீட்டர் புதைச்சாலும் ஒரு உயிர் மிஞ்சும்.

2. அடுத்தது கடலோர மாவட்டங்களில் ஆஸ்பத்திரி, குடிநீர் பம்பிங் ஸ்டேஷன், புயல் பாதுகாப்பு மையம் இதுக்கெல்லாம் போற ஃபீடர்கள். முழுசா, சப்-ஸ்டேஷனில் இருந்து. புயல் அடிச்ச மறுநாள் ஊரில் ஒரு இடத்திலாவது தண்ணியும் வெளிச்சமும் இருக்கணும்.

3. தாழ்வான, தண்ணி தேங்கற பகுதிகள். இங்க அவசரமே கூடாது. முதல்ல மழைநீர் வடிகால், அப்புறம் பில்லர் பாக்ஸை வெள்ள மட்டத்துக்கு மேல தூக்கிக் கட்டறது, அதுக்கப்புறம்தான் கேபிள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணி வடியற வரைக்கும் பல தெருவில் கரண்டே கொடுக்க முடியலை. தண்ணிக்குள்ள முழுகற பெட்டியோட ஒரு கேபிள் போட்டா அது வசதி இல்லை, வலை.

4. மிச்சம் இருக்கிற ஊர், கிராமம் எல்லாம்? "உங்க கட்டம் 2045"னு கையை விரிக்கக் கூடாது. வெத்துக் கம்பியை எடுத்துட்டு, உறை போட்ட கம்பிகளை ஒண்ணா முறுக்கின ஏரியல் பஞ்ச்டு கேபிளைக் கம்பத்திலேயே கட்டலாம். புதைக்கிறதில் ஒரு பங்கு செலவுதான். கிளை உரசினா பொறி பறக்காது, அறுந்து விழுந்தாலும் வெத்துக் கம்பி அளவுக்கு ஆளைக் கொல்லாது, கொக்கி போட்டுத் திருடவும் முடியாது. பேப்பரில் போட்டோ வராது, அதனால யாருக்கும் ஆசை இல்லை.

தோண்டறதுக்கு முன்னாடி

ஒரே ரோட்டை ஒரே வருஷத்தில் குடிநீர்க்காரங்க ஒரு தடவை, வடிகால்காரங்க ஒரு தடவை, இன்டர்நெட் கம்பெனிக்காரங்க ஒரு தடவை, கடைசியில் மின்சாரத்துக்கு ஒரு தடவைன்னு தோண்டறதை நாம திருவிழா மாதிரி வேடிக்கை பார்க்கிறோம். முதல்ல வந்தவன் போட்ட கேபிளை ரெண்டாவது வர்றவனோட ஜேசிபி பதம் பார்க்கும். கேட்டா, "கேபிள் அங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்க." உண்மைதான், தெரியாது. எங்க, எவ்வளவு ஆழத்தில், எந்த வருஷம் போட்டதுன்னு வரைபடம் இல்லாம, அந்த ஏரியாவில் முப்பது வருஷம் இருந்த ஒரு லைன்மேனோட மண்டைக்குள்ள மட்டும் இருந்தா எப்படித் தெரியும்? அவர் ரிட்டையர் ஆனா வரைபடமும் சேர்ந்து ரிட்டையர் ஆயிடும்.

அதனால பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி அளந்து, படம் எடுத்து, வரைபடத்தில் ஏத்தணும். ஏத்தலைன்னா பில் பாஸ் ஆகக் கூடாது. இந்த ஒரு விதியைக் கறாரா வெச்சா ஒண்ணரை அடி ஆழக் கள்ள வேலை பாதி தானா நின்னுடும்.

அப்புறம் அந்தக் கம்பம். மின்கம்பி கீழ போயிடும், கம்பம் மட்டும் அப்படியே நிக்கும். ஏன்னா அதில் கேபிள் டிவி ஒயர், இன்டர்நெட் ஒயர் எல்லாம் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கும். அதுங்களுக்கும் அதே பள்ளத்தில் ஒரு குழாய் போட்டு, வாடகை வாங்கி உள்ள அனுப்பலாம். அந்த வாடகை கேபிள் செலவுக்கு ஒரு கைப்பிடியாவது உதவும். இல்லைன்னா அடுத்த புயலுக்கு அந்தக் காலிக் கம்பம் யார் தலையில் விழும்னு பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

நாம என்ன கேட்கணும்?

"எங்க தெருவுக்கு எப்ப கேபிள்?"னு கேட்டா "அடுத்த கட்டத்தில்"னு பதில் வரும். ஆளுக்கொரு தெருவாக் கேட்டா ஆளுக்கொரு சமாதானம்தான் கிடைக்கும். கவுன்சிலர், எம்.எல்.ஏ. யாரைப் பார்த்தாலும் ஒரே ஒரு காகிதம் கேளுங்க: ஃபீடர் வாரியாப் பட்டியல். எது எத்தனாவது, எந்தக் காரணத்துக்காக அந்த இடம், எந்த வருஷம் முடியும். மூணே மூணு பத்தி. அதை வெப்சைட்டில் போடணும், ஏரியா ஈபி ஆபீஸ் சுவரிலும் ஒட்டணும். வரிசை மாறினா ஏன் மாறிச்சுன்னு எழுதணும். நம்ம தெரு நாற்பதாவது இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. முப்பத்தொன்பதாவதா இருக்கிறது ஒரு பள்ளிக்கூட வாசல்னு தெரிஞ்சா, பொறுத்துக்கற அளவுக்கு மனசு நம்ம ஜனங்களுக்கு உண்டு. நமக்கு முன்னாடி போனது ஒரு கல்யாண மண்டபத்து ரோடுன்னு தெரிஞ்சாத்தான் எரியும்.

பட்டியல் இல்லாத கட்டம் கட்டமே இல்லை. அது வெறும் ஒத்திவைப்பு.

பி.கு: மழைக்காலத்தில் தண்ணி தேங்கின இடத்தில் பில்லர் பாக்ஸ் திறந்து கிடந்தாலோ, கேபிள் வெளிய தெரிஞ்சாலோ பக்கத்தில் போகாதீங்க, குச்சியால நகர்த்தவும் பார்க்காதீங்க. மின்சாரப் புகாருக்கான மின்னகம் எண் 94987 94987. போன் பண்ணிட்டு, ஆள் வர்ற வரைக்கும் தெரு முனையில் நின்னு குழந்தைகளைத் திருப்பி அனுப்புங்க. எந்தக் கட்டத்துக்கும் காத்திருக்காம இன்னிக்கே பண்ணக்கூடியது இது ஒண்ணுதான்.